ஈரச் சுண்ணாம்பில் எழுதிய கோடு

திருவண்ணாமலைக்கு வருகிறவர்கள் அண்ணாந்து பார்ப்பது இரண்டை: 217 அடி ராஜகோபுரத்தை, அதற்குப் பின்னால் எழுந்து நிற்கிற மலையை. இரண்டும் கல். கிரிவலம் முடித்து ஊர் திரும்பும் கூட்டத்தில் மிகச் சிலருக்கே, இந்த மாவட்டத்தில் அண்ணாந்து பார்க்க வேறு இரண்டு கூரைகளும் இருக்கின்றன என்று தெரியும்.

ஒன்று செங்கத்தில். திருவண்ணாமலையிலிருந்து மேற்கே சுமார் 35 கிலோமீட்டர். மலைபடுகடாம் பாடும் நன்னனின் ஊர், நடுகற்களுக்குப் பேர்போன ஊர் என்று வரலாறு படித்தவர்கள் செங்கத்தை அறிவார்கள். அங்குள்ள வேணுகோபால பார்த்தசாரதி கோயில் மண்டபத்தின் விதானத்தில், நாயக்கர் காலத்து ஓவியர்கள் ராமாயணத்தைத் தீட்டி வைத்திருக்கிறார்கள். கதை பட்டை பட்டையாக ஓடுகிறது. காட்சியை விளக்கத் தெலுங்கில் எழுத்தும் உண்டு. வானரங்கள், அரக்கர், அம்பு, தேர் என்று போர்க்களம் தலைக்கு மேலே விரிகிறது. பாதி உதிர்ந்துவிட்டது. மீதியைக் கழுத்து வலிக்கப் பார்க்கலாம்.

இன்னொன்று வடக்கே, போளூரைத் தாண்டித் திருமலையில். ராஜராஜனின் தமக்கை குந்தவையின் பெயர் தாங்கிய சமணப் பள்ளி இருக்கும் குன்று அது. கங்கை வரை தான் வென்ற நாடுகளை ராஜேந்திர சோழன் வரிசைப்படுத்தும் 13ஆம் ஆட்சியாண்டுக் கல்வெட்டு இந்தக் குன்றில்தான் இருக்கிறது. பாறையில் செதுக்கிய நேமிநாதர் 16 அடி உயரம். இவற்றைப் பார்க்க வருபவர்கள் உண்டு. ஆனால், இயற்கையான குகையை ஒட்டிச் செங்கல்லால் எழுப்பிய சிறு அறைகளுக்குள் நுழைந்து, தீர்த்தங்கரர் உபதேசம் செய்யும் சமவசரண மண்டபம் வட்ட வட்டமாக வரையப்பட்டிருப்பதை நின்று பார்ப்பவர்கள் குறைவு. விஜயநகர, நாயக்கர் காலத்தவை என்று அறிஞர்கள் பொதுவாகக் கணிக்கும் ஓவியங்கள் அவை.

இந்த இரண்டு கூரை ஓவியங்களையும் இத்தனை நூற்றாண்டு தாங்கி நிற்பது ஒரு விரற்கடை கனம் கூட இல்லாத பூச்சு. அந்தப் பூச்சுக்குள் நடந்த வேதியியல்தான் இந்தக் கட்டுரையின் விஷயம். ஓவியனின் கை எப்படி ஓட வேண்டும் என்பதையே அந்த வேதியியல்தான் தீர்மானித்தது என்பதும், அந்தக் கையோட்டம் பல நூறு ஆண்டுகள் கழித்து, பல ஆயிரம் மைல் தள்ளி, நவீன ஓவியத்தின் முகத்தையே மாற்றியது என்பதும் எனக்குத் தீராத வியப்பு.

சுண்ணாம்புக் கல்லையோ கிளிஞ்சலையோ காளவாயில் போட்டு எரிக்கிறோம். ஏறத்தாழ 900 டிகிரி சூட்டில் அதிலிருக்கும் கரியமில வாயு வெளியேறிவிடுகிறது. எஞ்சுவது சுட்ட சுண்ணாம்பு, அதாவது கால்சியம் ஆக்சைடு. அதில் தண்ணீர் ஊற்றினால் கொதித்துப் பொங்கி நீறிப் போகும். பழைய கொத்தனார்கள் நீற்றிய சுண்ணாம்பை நாள்கணக்கில் தண்ணீரிலேயே ஊறவிடுவார்கள். மணல் சேர்த்து அரைப்பார்கள். கடுக்காய்த் தண்ணீரும் வெல்லமும் சேர்ப்பார்கள். இந்தச் சாந்தைச் சுவரில் பூசியதும் அது காற்றிலிருக்கும் கரியமில வாயுவை உறிஞ்ச ஆரம்பிக்கிறது. காளவாயில் எதை இழந்ததோ அதையே காற்றிலிருந்து திரும்பப் பெற்று, மறுபடியும் சுண்ணாம்புக் கல் ஆகிறது. கல்லை எரித்து, கரைத்து, நாம் விரும்பிய இடத்தில் விரும்பிய வடிவில் மீண்டும் கல்லாக்கும் வித்தை இது.

இந்தச் சாந்து ஈரமாக இருக்கும்போதே, வெறும் தண்ணீரில் குழைத்த வண்ணத்தை அதன் மேல் தீட்டினால் என்ன ஆகும்? வண்ணத் துகள்களோடு போன தண்ணீர் உள்ளே இறங்குகிறது. பூச்சுக்குள் இருக்கும் சுண்ணாம்பு நீர் மேலே கசிந்து வருகிறது. காற்றுப் பட்டதும் அது துகள்களைச் சுற்றி ஒளி புகும் மெல்லிய படிகத் திரையாக இறுகுகிறது. பசை இல்லை, எண்ணெய் இல்லை. வண்ணம் சுவரின் மேல் ஒட்டிக்கொண்டிருக்கவில்லை, கல்லுக்குள் அகப்பட்டுக்கொண்டிருக்கிறது. ஈரத் துணியால் துடைத்தாலும் சரியாக வரைந்த ஈரச்சுவர் ஓவியம் கரையாது. பூச்சு காய்ந்த பிறகு பசை கலந்தோ சுண்ணாம்பு நீர் கலந்தோ தீட்டுவது வேறொரு முறை. அது அவ்வளவு உறுதியில்லை. நம் கோயில்களில் இரண்டும் உண்டு. ஒரே சுவரில் இரண்டும் கலந்து வருவதும் உண்டு.

1930களில் சென்னை அரசு அருங்காட்சியகத்தின் ஆய்வுக்கூடத்தில் வேலை பார்த்த வேதியியலாளர் எஸ். பரமசிவன் தமிழ்நாட்டுச் சுவரோவியங்களின் பூச்சையும் வண்ணத்தையும் ஆராய்ந்தார். தஞ்சைப் பெரிய கோயிலின் சோழர் ஓவியங்கள் ஈரப் பூச்சின் மேல் தீட்டியவை என்பது அவர் கண்ட முடிவு. ஒரு சிட்டிகை பூச்சிலிருந்து ஓர் ஓவியனின் வேலை முறையையே எடுத்துச் சொன்ன அந்த மனிதரை, இந்திய ஓவியப் பாதுகாப்பு அறிவியலின் முன்னோடிகளில் ஒருவராக நாம் நினைவில் வைத்திருக்க வேண்டும். அவர் பெயர் தமிழ்நாட்டுப் பள்ளிப் புத்தகங்களில் வர வேண்டும் என்பது என் ஆசை.

சுண்ணாம்பு கடுமையான காரம். செடி கொடியிலிருந்து எடுக்கும் சாயங்கள் பெரும்பாலும் அதில் நிறம் கெட்டுப்போகும். தாங்குபவை மண்ணும் கல்லும்தான். அதனால்தான் உலகின் எந்த மூலையில் ஈரச்சுவர் ஓவியம் வரைந்தாலும் வண்ணப் பட்டியல் கிட்டத்தட்ட ஒன்றாகவே இருக்கிறது: செங்காவி, மஞ்சள் காவி, பச்சை மண், கரி, சுண்ணாம்பு வெள்ளை. இரும்பின் ஆக்சைடு செங்காவியைத் தருகிறது. அதே இரும்பு நீரோடு சேர்ந்திருந்தால் மஞ்சள் காவி. மஞ்சள் காவியைச் சூடாக்கி அதிலிருக்கும் நீரை விரட்டினால் சிவந்துவிடும்.

நீலம் மட்டும் எப்போதும் தொல்லை. மண்ணில் நீலம் அரிது. தஞ்சையின் சோழர் ஓவியத்தில் பரமசிவன் கண்டது லாபிஸ் லாசுலி என்னும் நீலக்கல்லின் பொடி. பழங்காலத்தில் அந்தக் கல்லுக்கு முக்கியச் சுரங்கம் ஆப்கானிஸ்தானின் பதக்ஷான் மலைகள். காவிரிக் கரைச் சுவரில் ஒரு நீலத் தீற்றல் விழ, இந்துகுஷ் மலையில் யாரோ பாறை உடைத்திருக்கிறார்கள்.

ஸ்பெயினின் வடகிழக்கில், பிரான்ஸை ஒட்டிய பைரனீஸ் மலைகளில், இதே நீலத் தொல்லைக்கு வேறொரு வழி கிடைத்தது. 12ஆம் நூற்றாண்டில் அங்கே மலைக்கிராமத் தேவாலயங்களில் படம் எழுதிய ஓவியர்கள், ஏரினைட் என்ற உள்ளூர்க் கனிமத்தை அரைத்துப் பயன்படுத்தினார்கள். சாம்பல் கலந்த நீலம். அந்த மலைத்தொடரின் ஓவியங்களுக்கு அதுவே அடையாளமாகிவிட்டது.

இனி நேரக் கணக்கு. பூச்சு ஈரமாக இருக்கும் சில மணி நேரத்துக்குள் வேலை முடிய வேண்டும். எண்ணெய் ஓவியத்தில் இன்று போட்ட மூக்கை நாளை திருத்தலாம். இங்கே முடியாது. தூரிகை இறங்கினால் இறங்கியதுதான். எனவே ஓவியன் வரைய உட்காரும் முன்பே உருவம் அவன் கையில் இருக்க வேண்டும். வெளிக்கோடு ஒரே மூச்சில் வர வேண்டும். ஒளி, நிழல் என்று நுணுக்கிக்கொண்டிருக்க நேரமில்லை; கோட்டைப் போட்டு, உள்ளே வண்ணத்தை நிரப்பி, கண்ணையும் விரலையும் மறுபடி கோட்டால் எழுப்ப வேண்டும். இந்த அவசரத்திலிருந்து பிறந்ததுதான் சுவரோவியத்தின் அழகு என்று நான் நம்புகிறேன். பழங்கால ஓவியர்களுக்கு நிழலும் ஆழமும் காட்டத் தெரியாது என்று சொல்பவர்கள் சுண்ணாம்பின் அவசரத்தை மறந்துவிடுகிறார்கள்.

அந்தக் கோட்டை அருகில் நின்று பார்க்க நான் பரிந்துரைக்கும் இடம் பனமலை. திருவண்ணாமலைக்குக் கிழக்கே, விழுப்புரம் மாவட்டத்தில். ராஜசிம்ம பல்லவன் 8ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் குன்றின் மேல் எழுப்பிய தாளகிரீசுவரர் கோயில். அதன் பக்கச் சிற்றறை ஒன்றில் பார்வதி நிற்கிறாள். சிவன் ஆடுவதைப் பார்த்துக்கொண்டிருக்கிறாள். ஆடும் சிவன் பெரும்பாலும் அழிந்துபோனார், பார்ப்பவள் மிஞ்சினாள். ஒரு காலை மடித்து வைத்து ஒயிலாக நிற்கிறாள். தலை ஒரு பக்கம் சாய்ந்திருக்கிறது. மேலே குடை. மகுடத்தின் வேலைப்பாடு இன்னும் தெரிகிறது. முகத்தைக் கவனியுங்கள்: கன்னத்திலிருந்து மோவாய்க்கு இறங்கும் கோடு எங்கும் தயங்கவில்லை, எங்கும் தடித்துத் தேங்கவில்லை. இமைகள் பாதி தாழ்ந்திருக்கின்றன. அந்த ஒரு வளைவில் கணவன் ஆட்டத்தைப் பார்க்கும் பெருமையும் கொஞ்சம் நாணமும் தெரிகின்றன. 1,300 ஆண்டுகளுக்கு முன் ஒருவர் தூரிகையை ஒரே இழுப்பில் இழுத்திருக்கிறார், அவ்வளவுதான். அவர் பெயர் நமக்குக் கிடைக்கவில்லை.

பைரனீஸ் மலையின் போயி பள்ளத்தாக்கில் தௌல் என்று ஒரு சிறு கிராமம். அங்கே சான் கிளிமென்ட் என்னும் கல் தேவாலயம் 1123 டிசம்பர் 10 அன்று புனிதப்படுத்தப்பட்டது. அந்தத் தேதியை அங்கே ஒரு தூணில் வண்ணத்தாலேயே எழுதி வைத்திருந்தார்கள். பலிபீடத்துக்குப் பின்னால் அரைக்கோளமாக வளைந்த சுவரில் இயேசு வீற்றிருக்கிறார். ஒரு கை ஆசி வழங்குகிறது. மறு கையில் திறந்த புத்தகம். முகம் நீளமானது, இரு பக்கமும் ஒத்தது. புருவமும் மூக்கும் ஒரே கோட்டின் தொடர்ச்சி. கன்னங்களில் செங்காவி. நம் ஊர் மாதிரியே இங்கும் கண்தான் உயிர். கண்கள் பெரியவை, நேராக நம்மையே பார்க்கின்றன. மேலே ஒரு வளைவில் ஆட்டுக்குட்டி. அதற்கு ஏழு கண்கள். தேவதூதர்களின் இறகுகளிலும் கண்கள். இன்னொரு மூலையில், செல்வந்தன் வீட்டு வாசலில் கிடக்கும் ஏழை லாசருவின் புண்ணை ஒரு நாய் நக்குகிறது. இந்த ஓவியரின் பெயரும் யாருக்கும் தெரியாது. தௌல் ஆசான் என்றே அழைக்கிறார்கள்.

நூற்றாண்டுகள் போயின. ரசனை மாறியது. பீடத்தில் பெரிய மரப்பலகை ஓவியங்களை நிறுத்தியதால் சுவர்கள் பின்னால் மறைந்தன. 1907இல், அந்த வடகிழக்குப் பகுதியான கட்டலோனியாவின் அறிஞர் குழு ஒன்று, கட்டடக்கலைஞர் ஜோசப் புய்க் இ கடஃபால்க் தலைமையில், இந்த மலைக்கிராமங்களுக்குப் போய் ஓவியங்களைப் பதிவு செய்தது. படி எடுத்துப் புத்தகமாகவும் வெளியிட்டார்கள். அந்தப் புத்தகம் நல்லதையும் செய்தது, ஆபத்தையும் கூட்டி வந்தது. பழம்பொருள் வணிகர்கள் வந்தார்கள். சான்டா மரியா தெ முர் என்ற தேவாலயத்தின் ஓவியங்கள் விலைபேசப்பட்டுச் சுவரிலிருந்து உரிக்கப்பட்டன. கடைசியில் அமெரிக்காவின் பாஸ்டன் நுண்கலை அருங்காட்சியகம் போய்ச் சேர்ந்தன. விஷயம் தெரிந்ததும் பார்சிலோனா அருங்காட்சியகக் குழு விழித்துக்கொண்டது. மற்ற ஓவியங்களைத் தானே வாங்கி, முர் ஓவியங்களை உரித்த அதே இத்தாலிய நிபுணர்களைக் கொண்டு 1919க்கும் 1923க்கும் இடையில் சுவர்களிலிருந்து பிரித்து நகரத்துக்குக் கொண்டுவந்தது.

கல்லுக்குள் அகப்பட்ட வண்ணத்தை எப்படிப் பிரிப்பது? விலங்குத் தோலிலும் எலும்பிலும் காய்ச்சிய பசையைச் சூடாக ஓவியத்தின் முகத்தில் தடவி, மெல்லிய துணியை அடுக்கடுக்காக ஒட்டுவார்கள். பசை காயும்போது சுருங்கும். பள்ளிப் பிள்ளைகள் உள்ளங்கையில் பசை தடவிக் காயவிட்டு உரிப்பதைப் பார்த்திருப்பீர்கள்; ரேகை அப்படியே பசையில் வந்துவிடும். அதேதான். சுருங்கும் பசையின் இழுப்பு, வண்ணப் படலம் பூச்சைப் பற்றியிருக்கும் பிடியை மிஞ்சிவிடுகிறது. கீழிருந்து மெல்ல இழுத்தால் ஓவியம் காகித கனத்துக்குத் துணியோடு வந்துவிடும். அதைச் சுருட்டிக் கோவேறு கழுதைகள் மேல் ஏற்றி மலைப்பாதையில் இறக்கினார்கள். பார்சிலோனாவில் பின்பக்கத்தை வேறு துணியில் ஒட்டி, முன்பக்கப் பசையை வெந்நீரால் கரைத்து எடுத்தார்கள். நடுவிலிருக்கும் சுண்ணாம்புப் படிகம் தண்ணீரில் கரையாது என்பதால்தான் இது முடிகிறது. 12ஆம் நூற்றாண்டு ஓவியர் ஈரத்தில் வரைந்ததெல்லாம் பிழைத்தது. காய்ந்த பின் மேலே சேர்த்த நுணுக்கங்களுக்குத்தான் ஆபத்து. ஒரு கோயிலின் உயிரை அதன் சுவரிலிருந்து பிரிப்பது சரியா என்ற கேள்வியை நான் லேசாகத் தாண்டிப் போக மாட்டேன். அன்றைக்கு அவர்களுக்கு வேறு வழி இருந்ததாகத் தோன்றவில்லை என்பதே என் எண்ணம்.

ஆனால் அந்த இடமாற்றத்தால் எதிர்பாராத ஒன்று நடந்தது. எட்டாக் கிராமங்களில் இருட்டில் கிடந்த ஓவியங்கள் ஒரு பெருநகரத்தின் நடுவில், ஓவியர்கள் நடந்து போய்ப் பார்க்கும் தூரத்தில் வந்து நின்றன. பார்சிலோனாவில் பிறந்த ஜோன் மிரோ, சிறு வயதிலிருந்தே கட்டலோனியாவின் இந்தப் பழைய சமய ஓவியங்களைப் பார்த்து வளர்ந்ததாகப் பலமுறை சொல்லியிருக்கிறார். அவருடைய படங்களில் மிதக்கும் கண்களையும், கறுப்புக் கோட்டுக்குள் அடைபட்ட தட்டை வண்ணங்களையும் பார்க்கும்போது, ஏழு கண் ஆட்டுக்குட்டி நினைவுக்கு வராமல் போகாது. பிக்காசோ 1934இல் பார்சிலோனா வந்தபோது இந்தச் சேகரிப்பைப் போய்ப் பார்த்தார். உள்நாட்டுப் போர் மூண்டபின், 1937இல், கட்டலோனியாவின் இடைக்காலக் கலைப்பொருள்கள் பாரிஸில் காட்சிக்கு வைக்கப்பட்டன. ஒரே முகத்தில் முன்பக்கமும் பக்கவாட்டும், நிழலே இல்லாத வண்ணம், அளவை மீறிய கண் என்று நவீன ஓவியர்கள் துணிச்சலாகச் செய்துகொண்டிருந்த பலவற்றுக்கு, சுண்ணாம்பின் அவசரத்தில் பிறந்த ஒரு மூதாதை இருந்ததை உலகம் கண்டது.

பிக்காசோவுக்கு ஸ்பெயினின் சமய ஓவியம் அதற்கு முன்பே ஒரு கதவைத் திறந்திருந்தது. கிரேக்கத் தீவான கிரீட்டில் 1541இல் பிறந்து, ஸ்பெயினின் டொலேடோ நகரில் குடியேறி, 1614இல் அங்கேயே இறந்தவர் எல் கிரேக்கோ. நீண்டு நெளியும் உடல்களும் புயல் வானமும் அவர் கை. இறந்தபின் ஏறக்குறைய முந்நூறு ஆண்டு அவரைப் பெரிதாக யாரும் மதிக்கவில்லை. அவருடைய கடைசிக் காலப் படமான ‘ஐந்தாம் முத்திரையின் திறப்பு’ பாரிஸில் சுலோவாகா என்ற ஓவியரின் வீட்டில் இருந்தது. பிக்காசோ அதைப் பார்த்தார். 1907இல் அவர் தீட்டிய ‘அவின்யோன் பெண்கள்’ படத்தில் அதன் சாயல் இருப்பதைக் கலை வரலாற்றாளர்கள் பலர் காட்டியிருக்கிறார்கள். நவீன ஓவியத்தின் தொடக்கம் என்று கொண்டாடப்படும் படத்துக்கு உரம், தேவாலயத்துக்காகத் தீட்டிய ஒரு பலிபீடப் படம்.

இப்போது தஞ்சைக்கு வருவோம். ராஜராஜன் 1010இல் முடித்த பெரிய கோயிலின் கருவறையைச் சுற்றி ஓர் இருண்ட உள்சுற்று இருக்கிறது. 1931இல் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த எஸ்.கே. கோவிந்தசாமி அங்கே ஒன்றைக் கண்டார். நாயக்கர் கால ஓவியப் பூச்சு உதிர்ந்த இடத்தில், அதற்கு அடியிலிருந்து வேறொரு ஓவியம் எட்டிப் பார்த்தது. சோழர் ஓவியம். வெள்ளை யானை மேல் சுந்தரரும் குதிரை மேல் சேரமான் பெருமாளும் கயிலைக்கு விரைகிறார்கள். முப்புரம் எரிக்கும் சிவன் அசுரரை எதிர்கொள்கிறார். தில்லைக் கூத்தன் ஆடுகிறான். அறுநூறு ஆண்டு இடைவெளியில் இரண்டு காலத்து ஓவியங்கள் ஒரே சுவரில் ஒன்றன்மேல் ஒன்று. எதைக் காப்பது, எதை இழப்பது? இந்தியத் தொல்லியல் துறையின் வேதியியலாளர்கள் இரண்டையும் காத்தார்கள். மேலிருந்த நாயக்கர் ஓவியத்தைப் பகுதி பகுதியாகப் பிரித்தெடுத்துக் கண்ணாடியிழைப் பலகைகளில் பதித்தார்கள். அடியிலிருந்த சோழர் ஓவியம் அதன் இடத்திலேயே வெளிச்சம் கண்டது. பைரனீஸ் மலையில் செய்த வேலைக்கு இது தம்பி முறை. ஒரு வகையில் அண்ணனை விஞ்சிய தம்பி: பிரித்தது கோயிலை விட்டுப் போகவில்லை.

தமிழ்நாட்டில் இந்த ஓவியங்கள் பின்னால் வந்தவர்களை எப்படிச் சேர்ந்தன? முதலில் கை வழியாக. தலைமுறை தலைமுறையாக ஓவியக் குடும்பங்களில் கோடு கைமாறியது. செங்கத்துப் பட்டைகளைப் பார்க்கும்போது கலம்காரித் துணி ஞாபகம் வருவது தற்செயல் இல்லை. பட்டை பட்டையாகக் கதை சொல்வது, எழுத்தால் விளக்குவது எல்லாம் இரண்டுக்கும் பொது. தஞ்சாவூர்ப் பலகைப் படங்களின் உருண்ட முகமும் அகன்ற கண்ணும் நாயக்கர் கால முகங்களின் பேரப்பிள்ளைகள்.

பிறகு, படி எடுத்தவர்கள் வழியாக. வங்காள ஓவியர் நந்தலால் போஸ் 1909இல் அஜந்தா குகைகளில் ஆங்கில ஓவியர் லேடி ஹெரிங்காமுடன் சேர்ந்து படி எடுத்தார். அந்தப் பயிற்சி வங்காள ஓவியத்தின் போக்கையே திருப்பியது. நம் பக்கத்தில் ஓவியர் எஸ். ராஜம் இருந்தார். சங்கீத மும்மூர்த்திகளின் உருவமாக நம் வீடுகளில் தொங்குவது அவர் கற்பனையில் பிறந்த முகங்கள். அஜந்தாவையும் பிற பழைய சுவரோவியங்களையும் தேடிக் கற்று, அந்தப் பாணியை வாழ்நாள் முழுக்கக் கைவிடாதவர். ஆனந்த விகடனில் கோயில் சிற்பங்களை வாராவாரம் கோட்டோவியமாகத் தந்த சில்பியை நினைக்காமல் இந்தப் பேச்சை முடிக்க முடியாது. ‘தென்னாட்டுச் செல்வங்கள்’ வழியாகத் தம் ஊர்க் கோயிலைப் புதிதாகப் பார்த்த குடும்பங்கள் எத்தனை! சி. சிவராமமூர்த்தி தென்னிந்திய ஓவியங்களைப் பற்றி எழுதிய நூல் 1968இல் வந்தது. படி, அச்சு, நூல் என்று கைமாறி வந்தாலும் தாக்கம் குறைவதில்லை. ஸ்பெயினின் வெலாஸ்கஸ் 1650இல் தீட்டிய போப் இன்னொசென்ட் படத்தை வைத்து ஆங்கில ஓவியர் பிரான்சிஸ் பேக்கன் வரிசையாகப் படங்கள் தீட்டினாரே, அவர் வேலை செய்தது அச்சுப் படங்களை வைத்துக்கொண்டுதான்.

திருவண்ணாமலைக்கு இதில் சொந்தமான ஒரு பெயர் உண்டு. ஏ.பி. சந்தானராஜ் 1932இல் இந்த ஊரில் பிறந்தார். சென்னை ஓவியக் கல்லூரியில் படித்து, அங்கேயே ஆசிரியராகி, முதல்வராகவும் இருந்தார். கே.சி.எஸ். பணிக்கர் 1966இல் சோழமண்டலம் ஓவியர் கிராமத்தை உருவாக்கிய காலத்தில் வளர்ந்த அந்தத் தலைமுறைக்குப் பொதுவான அடையாளம் கோடு. மேற்கத்திய ஓவியம் கற்றும், கோட்டை விடாதவர்கள். கோயில் சுவரிலும் தெருக்கோலத்திலும் பார்த்து வளர்ந்த கண் அப்படித்தான் தேடும் என்பது என் துணிபு. ஆனால் ஒரு வருத்தத்தைச் சொல்லியாக வேண்டும். பார்சிலோனாவின் இளம் ஓவியனுக்கு மூலமே கண்ணெதிரில் இருந்தது. நம் மாணவனுக்குத் தஞ்சையின் உள்சுற்று பொதுவாகத் திறப்பதில்லை. செங்கத்துக்கு யாரும் அழைத்துப் போவதில்லை. பனமலை எங்கே என்றே பலருக்குத் தெரியாது.

பார்க்காத ஓவியத்தை யாரும் காப்பதும் இல்லை. கூரைக் காரையில் விரிசல் விழுந்து மழைநீர் இறங்கினால், அது உப்பைக் கரைத்துக்கொண்டு வருகிறது. தண்ணீர் ஆவியாகும்போது உப்பு படிகமாகி, வண்ணப் படலத்தை உள்ளிருந்து தள்ளி உதிர்க்கிறது. வௌவால் எச்சத்திலிருந்து வரும் நைட்ரேட் உப்புகள் இன்னும் மோசம். கற்பூரப் புகையும் எண்ணெய்ப் புகையும் படிந்து கறுக்கின்றன. இவை மெல்ல நடப்பவை. ஒரே நாளில் முடித்துவிடுபவை மனிதர் செய்பவை: கும்பாபிஷேகத்துக்குச் சுத்தம் செய்கிறோம் என்று மணலை வீசிச் சுரண்டுவது, பழைய படம் மங்கிவிட்டது என்று அதன்மேலேயே எனாமல் பெயின்ட் அடிப்பது. சாதாரணச் சுண்ணாம்பு வெள்ளையாவது பரவாயில்லை. பொறுமையான நிபுணர் அதை நீக்கி அடியிலிருப்பதை மீட்க வாய்ப்பு உண்டு. மணல் வீச்சுக்கு மருந்தே இல்லை.

தீ என்ன செய்யும் என்பதற்கு ஸ்பெயினின் சிகேனா மடம் சாட்சி. 1936இல் உள்நாட்டுப் போரின் தொடக்கத்தில் அதற்குத் தீ வைத்தார்கள். ஐரோப்பாவின் அருமையான சுவரோவியங்களில் சில அங்கே இருந்தன. மஞ்சள் காவி சூட்டில் சிவக்கும் என்று மேலே சொன்னேன் அல்லவா, அந்த வேதியியல் இங்கே நாசமாகத் திரும்பியது: வண்ணங்கள் தம் நிறத்தை இழந்தன. கருகியதில் தப்பியவற்றைப் பிரித்துப் பார்சிலோனா கொண்டுபோனார்கள். அவை யாருக்குச் சொந்தம் என்ற வழக்கு பல ஆண்டு நடந்து, 2025 மே மாதம் ஸ்பெயின் உச்ச நீதிமன்றம் மடத்துக்கே திருப்பித் தர வேண்டும் என்று தீர்ப்பளித்தது. கிழிந்த, கருகிய ஓர் ஓவியத்துக்காக மடம் இருக்கும் மாநிலமும் கட்டலோனியாவும் இப்படி மல்லுக்கு நிற்பதைப் பார்த்து எனக்குப் பொறாமையாகவே இருக்கிறது.

திருப்பணிக் குழுவில் இருப்பவர்களுக்கு ஒரு வேண்டுகோள். மண்டபக் கூரையைச் சுரண்டவோ அடிக்கவோ முடிவு செய்யும் முன், புகைக்கரிக்கு அடியில் ஏதாவது கோடு தெரிகிறதா என்று ஒரு டார்ச் விளக்கைச் சாய்வாகப் பிடித்துப் பாருங்கள். தெரிந்தால் வேலையை நிறுத்திவிட்டுத் தொல்லியல் துறைக்குத் தகவல் சொல்லுங்கள். ஓவிய ஆசிரியர்களுக்கும் ஒன்று. அடுத்த விடுமுறையில் பிள்ளைகளைச் செங்கத்துக்கும் திருமலைக்கும் பனமலைக்கும் அழைத்துப் போங்கள். ஆளுக்கொரு நோட்டும் பென்சிலும் போதும். சுவரைத் தொடாமல், பிளாஷ் அடிக்காமல், ஒரே ஒரு கோட்டையாவது பார்த்து வரையச் சொல்லுங்கள்.